சந்துக் குழாயின் மேல் ஓர் அறை

சேலத்தில் குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை போன்ற பழைய பகுதிகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கின்றன. முன்வாசல் தெருவைப் பார்க்கும். கொல்லைக் கதவைத் திறந்தால் ஓர் ஆள் நடக்கிற அகலத்தில் சந்து. சேலம் நகராட்சி உருவானது 1866-ல். எடுப்புக் கழிப்பறை இருந்த காலம் முழுக்க, மலம் அள்ள வந்தவர்கள் நடந்தது இப்படிப்பட்ட சந்துகளில்தான். தண்ணீர் ஊற்றும் கழிப்பறை வந்த பிறகு அதே சந்தில் சாக்கடைக் கால்வாய் ஓடியது, பிறகு குழாய் போனது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு என்று பழைய ஊர்ப்பகுதி மிஞ்சியிருக்கும் இடங்களிலும் இதே அமைப்பைப் பார்க்க முடிகிறது.

சந்து ஒரே நாளில் மறைவதில்லை. முதலில் நாற்றத்துக்குப் பயந்து கால்வாய் மேல் கடப்பா கல் போடுகிறார்கள். மழைக்குத் தகரம் இறக்குகிறார்கள். தகரத்தின் கீழ் வாஷிங் மெஷின் வருகிறது. மகனுக்குக் கல்யாணம் என்றதும் தகரம் போய்க் கான்கிரீட் தளம், அதற்குள் ஒரு குளியலறை, அதை ஒட்டி மாடிப்படி. ஒன்றரை சென்ட் இடத்தில் மூன்று தலைமுறை வாழும் குடும்பத்தை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இன்றைய மனை விலையில் வேறு இடம் பார்த்துக்கொள் என்று சொல்வதும் நியாயமில்லை. ஆனால் அந்தத் தளத்துக்கு அடியில் போவது அந்த ஒரு வீட்டின் கழிவு மட்டுமில்லை. மூடியவர் செய்த காரியத்துக்கு முதலில் விலை கொடுப்பவர்கள் சந்தின் மேட்டுப் பக்கத்து மேல்வீட்டுக்காரரும், அடைப்பு எடுக்க வருகிற தொழிலாளியும்தான். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது மத்தியப் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பு வகுத்த அளவு. அதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பி வரும் என்று வைத்துத்தான் குழாயின் அளவைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு சந்தில் பத்து வீடு, வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் ஒரு நாளைக்கு 5,400 லிட்டர். பள்ளத்தில் இருக்கிற கடைசி வீட்டின் பின்னால் இந்த 5,400 லிட்டரும் போயாக வேண்டும். அந்தக் கடைசி வீட்டில் யாரும் இல்லாமல் பூட்டிக் கிடந்தாலும், அதன் கொல்லைக்குக் கீழே போகிற குழாய்க்கு ஓய்வு கிடையாது.

இந்தக் குழாயைத் தள்ளிக் கொடுக்க எந்த மோட்டாரும் இல்லை. சரிவு ஒன்றுதான் அதற்கு விசை. 4 அங்குலக் குழாய்க்கு 57 அடிக்கு 1 அடி, 6 அங்குலக் குழாய்க்கு 100 அடிக்கு 1 அடி என்பது வீட்டு வடிகாலுக்கான இந்தியத் தர நிர்ணயம் சொல்லும் சரிவு. 30 மீட்டர் நீளச் சந்தில் 6 அங்குலக் குழாய் மொத்தமே 30 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. நடுவில் ஓரிடம் 3 சென்டிமீட்டர் அமுங்கினால் போதும். அங்கே தண்ணீர் தேங்கும், வேகம் குறையும். சமையல் எண்ணெய் அந்த இடத்தில் கட்டிதட்டும், முடி அதில் சிக்கும், துணி துவைத்த நூல் முடியில் சுற்றும். பழைய சந்துகளில் கிடப்பது பெரும்பாலும் பீங்கான் குழாய். இரண்டடி, இரண்டரை அடித் துண்டுகளைச் சிமென்ட் வைத்து மூட்டியது. இரண்டடித் துண்டு என்றால் 30 மீட்டருக்கு ஐம்பது மூட்டு. ஒவ்வொரு மூட்டும் அசைவைத் தாங்காத இடம்.

அதன் பக்கத்தில்தான் வாணம் தோண்டுகிறோம். கடக்காலின் சுமை நேர் கீழே மட்டும் இறங்குவதில்லை. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இரு பக்கமும் விரிந்து மண்ணுக்குள் போகிறது. குழாய் மூன்றடி ஆழத்தில் இருக்க, ஓரடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்தில் தூணுக்கு அடிமானம் போட்டால், தூணின் சுமையில் ஒரு பங்கு குழாயின் தலைமேல் ஏறுகிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. குழாய் பதிக்க ஒருமுறை தோண்டி மூடிய மண் பக்கத்து மண்ணைப் போல இறுகியிருக்காது. சேலம், நாமக்கல் சமவெளியில் செம்மண்ணுக்குக் கீழே சில அடியிலேயே சுக்கான்கல்லோ பாறையோ வந்துவிடும். ஆகவே புதிய சுவரின் ஒரு பகுதி பாறையில் உட்காரும், குழாய்ப் பள்ளத்தைக் கடக்கிற பகுதி மட்டும் தளர்ந்த மண்ணில் உட்காரும். முதல் மழைக்காலம் போனதும் சுவரில் சாய்வாக ஒரு வெடிப்பு தெரியும். மேஸ்திரி பூச்சு சரியில்லை என்பார். பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வெடிப்பு திரும்ப வரும். கீழே குழாய் உடைந்து, கசிகிற நீர் மண்ணை அரித்துக்கொண்டிருப்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்தக் கசிவு அங்கேயே நிற்பதும் இல்லை. நம் ஊர்களில் சாக்கடை போகும் சந்தில்தான் குடிநீர்க் குழாயும் போகிறது. குடிநீர் நாள் முழுக்க வருவதில்லை. குறிப்பிட்ட நேரம் திறந்து மூடுகிறார்கள். மூடியதும் குழாய்க்குள் அழுத்தம் இறங்கும். அப்போது அதன் மூட்டில் ஓட்டை இருந்தால் சுற்றியுள்ள ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் தண்ணீர் விட்டதும் முதல் குடம் கலங்கி வரும் வீடுகளில் சந்தேகப்பட வேண்டியது இந்த இடத்தைத்தான். சந்தின் மேல் அறை இருந்தால் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் தோண்டக்கூட வழியில்லை.

இனி சேம்பரைப் பற்றி. குழாய் திரும்புகிற இடத்திலும், இன்னொரு குழாய் வந்து சேர்கிற இடத்திலும் ஒரு தொட்டி கட்டி மூடி போட வேண்டும் என்பது விதி. அடைப்பு எடுக்க மூங்கில் பட்டையோ கம்பியோ உள்ளே போவது அதன் வழியாகத்தான். நீட்டிக் கட்டிய அறைகளில் இந்தச் சேம்பர் என்ன ஆகிறது? சில வீடுகளில் மூடியின் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். சில வீடுகளில் அது சமையல் மேடைக்கு அடியில், கேஸ் சிலிண்டர் நிற்கும் மூலையில் இருக்கிறது. மூடி திறக்கக்கூடிய நிலையில் இருந்தாலும், அதைத் திறக்க அந்த வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். மேல்வீட்டுக் கழிப்பறையில் மலம் பொங்கி நிற்கிறது. கீழ்வீட்டில் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள், அல்லது சமையல் நடக்கிறது, அல்லது வீட்டைப் பூட்டிக்கொண்டு குலதெய்வக் கோயிலுக்குப் போயிருக்கிறார்கள். தெருவில் நடக்கும் சண்டைகளில் பாதி இப்படித் தொடங்குகிறது என்றால் மிகையில்லை. ஆனால் சண்டையைவிடப் பெரிய விஷயம், கீழ்வீட்டுக்காரரின் சமையலறை பத்து வீட்டுச் சாக்கடையின் வாயாக மாறியிருப்பது.

வாய் என்று சொல்வது வாயுவை நினைத்துத்தான். தேங்கிய கழிவு அழுகும்போது மீத்தேனும் ஹைட்ரஜன் சல்பைடும் வருகின்றன. மீத்தேன் தீப்பிடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது; தரையோடு தங்கும். மிகச் சிறிய அளவிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவைத் தொட்டால் மூக்கின் உணர்வே மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது, சரியாகிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் உயிருக்கு ஆபத்து. அதைவிடப் பல மடங்கு கூடினால் சில மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவார். இந்த வாயுவை வீட்டுக்குள் வராமல் தடுப்பது, கழிப்பறைப் பீங்கானிலும் தரை வடிகாலிலும் வளைந்த குழாயில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர். வேறெதுவும் இல்லை. ஏப்ரல், மே வெயிலில் பயன்படுத்தாத குளியலறையில் அந்தத் தண்ணீர் ஆவியாகிவிடும்.

2024 ஜூன் 11 அன்று புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் நடந்ததை மறந்திருக்க மாட்டோம். காலையில் கழிப்பறைக்குப் போன ஒரு மூதாட்டி மயங்கி விழுந்தார். தூக்கப் போன மகளும் விழுந்தார். பக்கத்து வீட்டில் 15 வயது மாணவி. மூவரும் இறந்தார்கள். பாதாள சாக்கடையிலிருந்து வீட்டுக் கழிப்பறை வழியாக நச்சுவாயு ஏறியிருந்தது. பல வீட்டு இணைப்புகளில் வாயுவைத் தடுக்கும் வளைகுழாய் முறையாக இல்லை என்பது அப்போதுதான் வெளியே பேசப்பட்டது. அது சந்தின் மேல் அறை கட்டியதால் நேர்ந்த விபத்து இல்லை. ஆனாலும் நாம் கவனிக்க வேண்டிய பாடம் அதில் இருக்கிறது: ஒரே குழாயில் இணைந்த வீடுகளில், எங்கோ தேங்கிய வாயு எந்தத் தவறும் செய்யாத வீட்டுக்குள் வரும். பொதுக் குழாயின் சேம்பரைச் சமையலறைக்குள் வைத்துக்கொண்டவர் அந்த வாயுவுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த தூரத்தையே எடுத்துவிடுகிறார்.

சாக்கடையின் மேலேயே கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கராச்சியில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று ஷேர்ஷா பகுதியில், மூடிய வடிகால் ஓடையின் மேல் கட்டப்பட்டிருந்த வங்கிக் கிளைக் கட்டடம் வெடித்துச் சிதறியது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடைக்குள் தேங்கிய வாயுவே காரணம் என்பது போலீசாரின் முதற்கட்ட முடிவு. ஓடையைத் தூர்வார இடத்தைக் காலி செய்யும்படி முன்னரே நோட்டீஸ் கொடுக்கப்பட்டிருந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். மேலே கட்டடம் இருந்ததால் தூர்வார முடியவில்லை. தூர்வாராததால் வாயு சேர்ந்தது. அளவைச் சுருக்கிப் பார்த்தால் நம் சந்துகளில் நடப்பதும் இதே வரிசைதான்.

இதற்கெல்லாம் மேலாக என்னை உறுத்துவது இன்னொன்று. மூடிய சந்துக்குள் கழிவு உறிஞ்சும் லாரியின் குழாய் போகாது. அழுத்தத் தண்ணீர் அடிக்கும் இயந்திரமும் நிற்க இடமில்லை. ஆகவே ஒரு மனிதரைக் கூப்பிடுகிறார்கள். கையில் ரூபாய் கொடுத்து, சில நேரம் சாராயத்துக்கும் சேர்த்துக் கொடுத்து, குழிக்குள் இறக்குகிறார்கள். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாநகராட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உள்ள சட்டம் இது என்று நினைப்பவர்கள் பலர். கூலி பேசி ஆளை இறக்கிய வீட்டுக்காரரையும் அது பிடிக்கும். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014-ல் 10 லட்சம் என்று வகுத்தது. 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான இறப்புக் கணக்கில் நாட்டிலேயே தமிழகம்தான் முன்னே நிற்கிறது. நன்றாகப் படித்த, வசதியான மாநிலம் என்று சொல்லிக்கொள்கிற நமக்கு இது பெரும் வெட்கம். ஒரு சந்தை இயந்திரம் நுழைய முடியாதபடி மூடுகிற ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் இன்னொரு எண் சேர வழி செய்கிறார் என்றே நான் கருதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது பலர் நினைப்பதைவிடத் தெளிவாகவே இருக்கிறது. பொதுச் சாக்கடையின் மேல் அனுமதியின்றிக் கட்டக் கூடாது என்பது 1920-ம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலிருந்தே உள்ள தடை. தனியார் இடத்தில் போகும் கூட்டுச் சாக்கடைக்கு 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. இருபது ஆண்டுகள் தடையின்றி, வெளிப்படையாக, உரிமையோடு உங்கள் இடத்தின் வழியே அடுத்தவர் கழிவுநீர் போயிருந்தால் அது அவருக்கு உரிமையாகிவிடும். குழாய் போகும் உரிமை உள்ளவர் அதைப் பழுதுபார்க்க உங்கள் நிலத்துக்குள் வந்து தோண்டலாம், வேலை முடிந்ததும் தரையைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்பதை அந்தச் சட்டமே உதாரணத்தோடு விளக்குகிறது. அந்தத் தரையின் மேல் நீங்கள் அறை கட்டியிருந்தால், நீதிமன்றம் அறையை இடிக்கச் சொல்லவும் கூடும்.

இதில் அதிகம் சிக்குவது அண்ணன் தம்பிகள். அப்பா கட்டிய ஒரே வீட்டைப் பாகம் பிரிக்கிறார்கள். பத்திரத்தில் சுவர், கிணறு, நடைபாதை எல்லாம் அளந்து எழுதப்படும். கீழே போகும் குழாயைப் பற்றி ஒரு வரி இருக்காது. பெரியவர் பாகத்துக் கழிப்பறைக் குழாய் சின்னவர் பாகத்தின் அடியில் போய்த் தெருவுக்குச் சேர்கிறது. பிரிவினையால் உண்டாகும் இந்த மாதிரித் தேவைக்கும் வசதியுரிமைச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் அதை நிலைநாட்ட உரிமையியல் நீதிமன்றத்தில் எத்தனை வாய்தா நடக்க வேண்டியிருக்கும் என்பது வழக்காடியவர்களுக்குத் தெரியும். பத்திரம் எழுதும்போதே குழாய் போகும் பாதையையும் சேம்பர் இருக்கும் இடத்தையும் ஒரு வரைபடமாக இணைத்துவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

இங்கிலாந்தில் இதே சிக்கல் நெடுங்காலம் இருந்தது. வீடுகள் பங்குபோட்டுக்கொண்ட சாக்கடை உடைந்தால் யார் செலவு செய்வது என்று அண்டை வீட்டார் மல்லுக்கு நின்றார்கள். 2011 அக்டோபர் 1 முதல் அந்தக் கூட்டுக் குழாய்களைத் தண்ணீர், கழிவுநீர் நிறுவனங்களின் பொறுப்பில் ஒப்படைத்துவிட்டார்கள். பொதுச் சாக்கடைக்கு 3 மீட்டருக்குள் வீட்டை நீட்டுகிறவர் அந்த நிறுவனத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். நம்மிடம் சந்துக் குழாய்க்கு அப்படிப் பொறுப்பேற்கும் ஒருவர் இல்லை. தெருவில் போவது மாநகராட்சியுடையது, வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரருடையது; நடுவில் சந்தில் கிடப்பதை இருவரும் தங்களுடையது என்று சொல்வதில்லை.

அனுமதி முறையும் இதைப் பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரையிலான வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி. அலைச்சலும் இடைத்தரகும் குறைந்திருக்கின்றன. ஆனால் அதில் எழுதித் தருவதற்கெல்லாம் பொறுப்பு விண்ணப்பிப்பவர்தான். நிலத்துக்கு அடியில் குழாய் போகிறதா என்று முன்கூட்டி யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. கொல்லையில் எழும்பும் ஓர் அறைக்கோ அந்த விண்ணப்பம்கூடப் பெரும்பாலும் போடப்படுவதில்லை.

ஆகவே பார்க்க வேண்டியவர் கட்டுகிறவரே. வாணம் தோண்டும் முன் புலப்பட நகலோ நகர நில அளவை வரைபடமோ வாங்கிச் சந்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேல்வீட்டுக் கழிப்பறையில் சாயம் கரைத்து ஊற்றி, உங்கள் சேம்பரில் அது வருகிறதா என்று பார்த்தால் எத்தனை வீட்டுக் குழாய் உங்கள் வழியே போகிறது என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அனுபவமுள்ள பிளம்பர்களுக்கு இன்னொரு சோதனை தெரியும்: ஒரு சேம்பரில் விளக்கும் அடுத்த சேம்பரில் கண்ணாடியும் பிடித்தால், நேராக உள்ள குழாயில் ஒளி முழு வட்டமாகத் தெரியும். வட்டம் பிறைபோல் வெட்டுப்பட்டால் நடுவில் குழாய் அமுங்கியிருக்கிறது. குழாயின் உள்விட்டத்தைவிட அரை அங்குலம் சிறிய வழவழப்பான பந்தை மேலே போட்டுக் கீழே வாங்குவதும் தர நிர்ணயத்தில் உள்ள சோதனைதான். இவற்றுக்கு ஆகும் கூலி, அறைக்கு வாங்கும் கதவின் விலைகூட வராது.

குழாயை மாற்றுப் பாதையில் திருப்ப இடமிருந்தால் அதுவே நல்லது. வேறு வழியே இல்லாமல் அதன் மேல்தான் கட்டியாக வேண்டும் என்றால், பழைய பீங்கான் குழாயை எடுத்துவிட்டு வார்ப்பிரும்புக் குழாயை ஒரே நேர்கோட்டில், ஒரே சரிவில் பதித்து, சுற்றிலும் ஆறங்குலம் கான்கிரீட் போட வேண்டும். அடியில் வளைவும் இணைப்பும் இருக்கக் கூடாது. சேம்பர் இரண்டு முனையிலும் அறைக்கு வெளியே, வானம் பார்த்த இடத்தில் இருக்க வேண்டும். கடக்கால் குழாயின் அடிமட்டத்தைவிட ஆழத்துக்குப் போக வேண்டும். சுவர் குழாயைக் கடக்கும் இடத்தில் மேலே பீம் போட்டு, சுமை குழாயில் இறங்காமல் தாண்டிப் போகச் செய்ய வேண்டும். இதைக் கட்டுமானப் பொறியாளர் வரைந்து தர வேண்டும். மேஸ்திரியின் கண் அளவுக்கு விடக் கூடாது. அக்கம்பக்கத்தார் கையெழுத்தும் அதே தாளில் இருப்பது நல்லது.

ஏற்கெனவே கட்டியவர்கள் டைல்ஸுக்கு அடியில் மறைந்த சேம்பரைத் தேடி எடுத்து, காற்றுப்புகாத இரட்டை மூடி போட வேண்டும். வாயு வெளியேற மொட்டை மாடிக்கு மேல் உயரும் ஒரு குழாய் வைக்க வேண்டும். பயன்படுத்தாத குளியலறையில் வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடைப்பு வந்தால் ஆளைத் தேடாமல் 14420 என்ற எண்ணை அழைக்கலாம். செப்டிக் டேங்க், சாக்கடை சுத்தம் செய்யும் சேவைக்காகவே உள்ள எண் அது.

சந்துச் சாக்கடை கடைசியில் போய்ச் சேர்வது ஆற்றில்தான். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-ல் வெளியிட்ட மாசுபட்ட ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் தமிழகத்திலிருந்து ஆறு ஆறுகள் இருந்தன. அவற்றில் சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி மூன்றும் சேலம் மாவட்டத்தில் ஓடுபவை. திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, சேலம் நகரின் சாக்கடையைச் சுமந்து நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து காவிரியில் சேர்கிறது. அதை மீட்பதற்குப் பாதாள சாக்கடைதான் வழி என்று இந்த ஊர்களில் கட்டம் கட்டமாக வேலை நடக்கிறது. அந்தக் குழாய் உங்கள் தெருவுக்கு வரும்போது வீட்டு இணைப்புக்குக் கொல்லையில் இரண்டடிக்கு இரண்டடி வெற்றிடம் கேட்பார்கள். சந்தை மூடிக் கட்டிய வீட்டில் அந்த இடம் இருக்காது. இணைப்பு கிடைக்காத அந்த வீட்டோடு, அதன் வழியே வடிய வேண்டிய மேல்வீடுகளும் பழைய கால்வாயிலேயே விட்டுக்கொண்டிருக்கும்.